கிளட்ச் மாற்றும்போது கிரீஸ்: எது, எங்கே, எவ்வளவு

கிளட்ச் செட் பெட்டியைப் பிரித்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் இருக்கும். சில பெட்டிகளில் ஷாம்பு பாக்கெட் மாதிரி ஒரு கிரீஸ் பொட்டலமும் ஓரத்தில் கிடக்கும். "இது எந்த மூலைக்குக் காணும்?" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு, வீல் பேரிங்குக்கு வாங்கி வைத்திருக்கும் டப்பாவில் விரலை விடுகிற பழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் நிறைய உண்டு. புது கிளட்ச் போட்ட வண்டி மறுபடி பட்டறைக்கு வருவதற்கு அந்த விரலும் ஒரு காரணம். கம்பெனிக்காரன் கஞ்சத்தனமாக வைத்த பொட்டலம் அல்ல அது. முழு வேலைக்கும் அவ்வளவுதான் வேண்டும், சில வண்டிகளில் அதிலும் மிச்சம் வரும்.

கிளட்சில் வழுக்க வேண்டிய இடமும் பிடிக்க வேண்டிய இடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிளேட்டின் நடுத்துளையில் இருக்கும் ஸ்ப்ளைன் பல், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மேல் முன்னும் பின்னும் தடையில்லாமல் நகர வேண்டும். அங்கிருந்து மூன்று விரல்கடை தள்ளி, உராய்ந்து பிடிக்கும் பரப்பான லைனிங் தொடங்குகிறது. அதில் பொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. இரண்டுக்கும் நடுவே தடுப்பு என்று எதுவும் கிடையாது.

ஷாஃப்ட் 22 மி.மீ. விட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது பல்லின் மேலிருக்கும் கிரீஸ், தன் எடையைப் போலச் சுமார் 110 மடங்கு விசையோடு வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. 6000 சுற்றில் அது 440 மடங்கு ஆகிவிடும். பல்லுக்குள் படலமாக ஒட்டியிருப்பது இதைத் தாங்கும். கட்டியாக நிற்பது தாங்காது. அது தெறித்துப் போய் விழுகிற இடம் லைனிங்.

நம் ஊர் ஓட்டத்துக்கு என்ன தேவை

கிரீஸைத் தேர்ந்தெடுக்கும் முன் வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்று, ஹாஃப் கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகரும் வண்டியில் உராய்வுப் பரப்பு 200 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளைச் சுற்றி மாட்டிக்கொண்ட வண்டிக்கும் இதே கதிதான். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் வண்டிக்கு இன்னும் அதிகம். புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் பாதையில், சுமை லாரிக்குப் பின்னால் நின்று நின்று எடுக்கும்போதும் அப்படித்தான். அந்தச் சூட்டில் ஒரு பங்கு நடு ஹப்புக்கும் இறங்கும். சித்திரை வெயிலில், கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள் ஆற வழியும் இல்லை. ஆகவே சூடு தாங்காத கிரீஸ் இளகி ஓடும்.

ராதாபுரம் பக்கம், உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று கடலோரம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று ஒரு தொல்லை. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் பிவட் பந்தும் (ஃபோர்க் உட்கார்ந்து அசையும் குண்டு) ஷாஃப்ட் முனையும் துருப்பிடிக்கும். திசையன்விளை, குட்டம் பக்கம் ஓடுகிறவர்களுக்குத் தேரி மணல். ஃபோர்க் வெளியே வரும் துளையில் ரப்பர் பூட் கிழிந்திருந்தால், ஆனி ஆடிக் காற்றில் அந்தச் செம்மணல் நேராக உள்ளே போகும். கிரீஸ் தடியாக இருந்தால் மணலை ஒட்டவைத்து அரைக்கும் மாவாக்கிவிடும். தேரிப் பக்கத்து வண்டிக்கு வழக்கத்தைவிடக் குறைவாகவே தடவுங்கள்.

டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்

சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருளின் நாருக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதுதான் கிரீஸ். அந்தக் கெட்டிப்பொருள் எது என்பதுதான் சூட்டைத் தாங்கும் அளவைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. கிரீஸ் இளகிச் சொட்டத் தொடங்கும் வெப்பநிலையைச் சொட்டுநிலை என்பார்கள். பழைய கால்சியம் சோப்பு கிரீஸுக்கு இது 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும், ஆகவே கிளட்சுக்கு ஆகாது. சாதாரண லித்தியம் கிரீஸுக்கு 180 முதல் 190 வரை. லித்தியம் காம்ப்ளெக்ஸுக்கு 250க்கு மேல். சொட்டுநிலை வரைக்கும் ஓட்டலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, வேலை செய்யும் வெப்பநிலை அதைவிட நன்றாகக் கீழே. லித்தியம் காம்ப்ளெக்ஸ் 150 டிகிரி வரை நிம்மதியாக நிற்கும், அதனால்தான் அதைச் சொல்கிறோம்.

அடுத்தது கெட்டித்தன்மை. டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. என்று போட்டு ஒரு எண் இருக்கும். மூன்று சைபரில் தொடங்கி 6 வரை போகும் வரிசை அது. 25 டிகிரியில் ஒரு கூம்பு கிரீஸுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 2ஆம் எண் என்றால் 26.5 முதல் 29.5 மி.மீ., 3ஆம் எண் என்றால் 22 முதல் 25 மி.மீ. கிளட்சுக்கு 2ஆம் எண். நம் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும் ஏ.பி.3 கிரீஸ், பெயரிலேயே இருப்பதுபோல 3ஆம் எண் லித்தியம். வீல் பேரிங்குக்கு நல்ல சரக்கு. கிளட்ச் ஸ்ப்ளைனில் அதன் குறை என்னவென்றால், பல் நகர்ந்து ஒதுக்கிய கிரீஸ் திரும்ப அந்த இடத்துக்கு வந்து சேராது. கெட்டியாக ஓரத்திலேயே நிற்கும், பல் முகம் காய்ந்துவிடும்.

மூன்றாவது, உள்ளே கலந்திருக்கும் திடப்பொருள். மாலிப்டினம் டைசல்ஃபைடு, பட்டறைப் பேச்சில் மாலி. கிரீஸின் எண்ணெய் பிதுங்கிப் போன பிறகும் பல்லின் முகத்தில் கறுப்புப் படலமாக ஒட்டி நின்று உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கும். ஸ்ப்ளைனில் நடப்பது பெரிய அசைவு இல்லை, இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் நடக்கும் நுண்ணிய அதிர்வு. அந்த மாதிரி இடத்தில் மாலிக்கு ஈடு சொல்வது கடினம்.

ஆகவே வாங்கும் வரிசை இது. பெட்டியில் பொட்டலம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் வண்டிக் கம்பெனி சொல்லும் கிரீஸ். டொயோட்டா, ஸ்ப்ளைனுக்கு ஒன்றும் ரிலீஸ் ஹப்புக்கு ஒன்றுமாக இரண்டு தனி கிரீஸ் சொல்கிறது. ஹோண்டா அதிக வெப்பம் தாங்கும் யூரியா கிரீஸ் சொல்கிறது. இரண்டும் கிடைக்காவிட்டால், 2ஆம் எண், லித்தியம் காம்ப்ளெக்ஸ், மாலி கலந்தது என்று கேட்டு, மூடி உடையாத சின்ன ட்யூபாக வாங்குங்கள். பாலிதீன் பையில் கட்டித் தரும் சில்லறை கிரீஸ் வேண்டாம். அது என்ன சரக்கு என்று விற்பவருக்கே தெரியாது, திறந்து கிடந்த டப்பாவில் எவ்வளவு தூசி விழுந்தது என்பதும் தெரியாது.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். மஞ்சள், நீலம், சிவப்பு எல்லாம் சாயம். கறுப்பு மட்டும் மாலியோ கிராஃபைட்டோ இருப்பதைக் காட்டலாம், அதையும் டப்பாவில் படித்து உறுதி செய்யுங்கள். போல்ட் இறுகாமல் இருக்கத் தடவும் செம்புப் பசையை ஸ்ப்ளைனில் போடக்கூடாது. அசையாமல் இருக்கும் போல்டைப் பின்னால் கழற்ற உதவுவதற்காகச் செய்த பொருள் அது, அசையும் பல்லுக்கு மசகு ஆகாது.

இரண்டு வகை கிரீஸை ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது. யூரியா கிரீஸும் களிமண் கிரீஸும் லித்தியத்தோடு சேரும்போது பிடிப்பு விட்டுத் தண்ணீராக இளகலாம். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுக்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

பழைய பிளேட்டைத் தூக்கிப் போடும் முன்

பேட்டரி வயரைக் கழற்றி, ஸ்டாண்ட் மேல் வண்டியை நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். அது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறோம்.

பெல் ஹவுசிங் திறந்ததும் கம்ப்ரசர் காற்றை அடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரில் நனைத்த துணியால் ஈரமாகத் துடைத்தெடுத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள்.

துடைக்கும் முன் ஒரு நிமிடம் உள்ளே பாருங்கள். போன தடவை என்ன தப்பு நடந்தது என்பது அங்கே எழுதியிருக்கும். ஹப்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சூரியக் கதிர் போலக் கோடுகள் ஓடியிருந்தால், போன முறை கிரீஸ் மிகுதி. இன்ஜின் முனையில் சுற்றும் சக்கரமான ஃபிளைவீலின் பின்பக்கமும் அதைச் சுற்றியும் கறுப்பாக நனைந்திருந்தால் இன்ஜினின் பின் ஆயில் சீல் போய்விட்டது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றி ஈரமும், மூக்கில் ஏறும் கந்தக வாடையும் இருந்தால் அது கியர் ஆயில், ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. இந்த இரண்டு சீலில் எது கசிந்தாலும் இப்போதே மாற்றிவிடுங்கள். சீலின் விலை சிறியது. அதற்காகக் கியர்பாக்ஸை மறுபடி இறக்குவது பெரிய வேலை.

ஷாஃப்ட் பல்லில் செந்நிறத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். தேரிப் பக்கத்து வண்டியில் இதை மணல் என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வித்தியாசம் தெரியும். தேரி மணல் நறநறவென்று இருக்கும். மற்றது குங்குமம் போல வழவழப்பாக விரல் ரேகைக்குள் இறங்கும். அது பல்லின் இரும்பே உராய்ந்து துருவாகி உதிர்ந்த தூள். காய்ந்த ஸ்ப்ளைனின் அடையாளம். அந்தத் தூள்தான் பிறகு உப்புத்தாள் மாதிரி பல்லைத் தின்கிறது. மணலாக இருந்தால் பூட் மாற்ற வேண்டும், துருத்தூளாக இருந்தால் கிரீஸ் மாற்ற வேண்டும். அந்தத் தூளோடு பல்லின் ஓரத்தில் படி போலத் தேய்மானமும் நகத்தில் தட்டுப்பட்டால், ஷாஃப்ட்டையே பார்க்க வேண்டியிருக்கும். எந்த கிரீஸும் அந்தப் படியை நிரப்பாது.

சுத்தம்

ஷாஃப்ட் பல், கைட் ட்யூப் (ரிலீஸ் பேரிங் சறுக்கும் குழாய்), ஃபோர்க், பிவட் பந்து எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் வைத்துத் தேய்த்து, நூல் உதிராத துணியால் துடையுங்கள். பனியன் வேஸ்ட் துணி கிரீஸை எடுக்க நல்லது, ஆனால் அதன் நூல் பல்லிடுக்கில் நிற்கும். கடைசித் துடைப்பு வேறு துணியால் இருக்கட்டும். மண்ணெண்ணெய், டீசலில் கழுவினால் ஒரு எண்ணெய்ப் படலம் மிஞ்சும். ஷாஃப்ட்டுக்குப் பரவாயில்லை. ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் கூடவே கூடாது.

கிளீனரை ஷாஃப்ட் சீல் மேல் நேராகப் பீய்ச்சாதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள். புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் ஒரு படலம் பூசியிருப்பார்கள். அதையும் கிளீனரால் துடைத்தெடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுகிற இடம் இது. முதல் நாள் வரும் கருகல் வாடைக்கும் உதறலுக்கும் சில நேரம் இந்தப் படலமே காரணம்.

ஸ்ப்ளைன்: முழு வேலையின் உயிர்

முதலில் கிரீஸ் இல்லாமல் புது பிளேட்டை ஷாஃப்ட்டில் மாட்டிப் பாருங்கள். அதன் எடைக்கே சறுக்கிக்கொண்டு போக வேண்டும். இறுகினால் பாகம் தவறு, அல்லது எங்கோ பல் நசுங்கியிருக்கிறது. கிரீஸ் போட்டு நுழைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அப்படி நுழைத்த பிளேட் ஓட்டத்தில் விடுபடாது, ரிவர்ஸ் போடும்போது பல் கரகரக்கும்.

அடுத்து ஹப்பின் பல்லைப் பாருங்கள். மங்கிய சாம்பலாகவோ கறுப்பாகவோ இருந்தால் கிரீஸ் வேண்டும். வெள்ளி போலப் பளபளவென்று இருந்தால் அது நிக்கல் பூசியதாக இருக்கலாம். அந்த வகை ஹப்புக்கு கிரீஸ் தடவக்கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்து உறுதி செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் தாள் சொல்வதுதான் முடிவு.

கிரீஸ் வேண்டிய ஹப் என்றால், டூத் பிரஷ் முனையில் ஒரு மிளகு அளவு எடுங்கள். பெரிய ஷாஃப்ட்டுக்கு இரண்டு மிளகு. ஷாஃப்ட்டில் பழைய பிளேட் ஓடிய இடம் ஒரு பளபளத்த பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைக்கு மட்டும், பல்லின் நீளவாக்கில் பிரஷ்ஷை ஓட்டுங்கள். ஒவ்வொரு பள்ளமும் பூசிய மாதிரி ஆக வேண்டும், நிரம்பக்கூடாது. ஷாஃப்ட்டின் முன்முனையில் ஒரு விரல்கடை அளவைச் சுத்தமாகவே விடுங்கள். முனையில் இருக்கும் கிரீஸைத்தான் பிளேட் நுழையும்போது வழித்துக்கொண்டு லைனிங் பக்கம் கொண்டுபோகும்.

இப்போது பிளேட்டை மாட்டி, முன்னும் பின்னும் ஐந்தாறு தடவை தள்ளி இழுங்கள். கழற்றி, இரண்டு மூன்று பல் திருப்பி மறுபடி மாட்டித் தள்ளுங்கள். பிறகு பிளேட்டை வெளியே எடுத்தால், ஹப்பின் இரண்டு பக்க விளிம்பிலும் கறுப்பாக ஒரு மெல்லிய வளையம் ஒதுங்கியிருக்கும். நீங்கள் தடவிய மிளகில் பாதிக்கு மேல் அந்த வளையத்தில் இருப்பதைப் பார்க்கலாம். அதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள், ஷாஃப்ட்டில் ஒதுங்கியதையும் சேர்த்து. இந்தத் துடைப்பை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைத் தாள் போதும். பல் மேல் தாளை அழுத்தி எடுத்தால் பல்லின் உருவம் சாம்பல் நிறத்தில் மெலிதாகப் பதிய வேண்டும். கட்டியாக ஒட்டினால் மறுபடி துடையுங்கள்.

பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர் இந்த இடத்தில், "அண்ணாச்சி, ஒண்ணுமே இல்லாத மாதிரில்லா இருக்கு, இன்னுங் கொஞ்சம் வைங்களேன்" என்பார். வைக்க வேண்டாம். ஒன்றும் இல்லாத மாதிரித் தெரிவதுதான் சரியான அளவு.

பிளேட்டைத் தொடும் முன் கையுறையை மாற்றிவிடுங்கள். லைனிங்கில் விரல் ரேகை அளவு கிரீஸ் பட்டுவிட்டால் உடனே கிளீனர் நனைத்த துணியால் துடைக்கலாம், ஊறும் முன் துடைத்தால் தப்பிக்கும். ஊறிவிட்டால் அந்த பிளேட் அவ்வளவுதான். பெட்ரோலில் ஊறவைப்பது, தீயில் காட்டுவது எல்லாம் மேல்பரப்பை மட்டும் காயவைக்கும். சூடு ஏறும்போது உள்ளே இறங்கிய எண்ணெய் மறுபடி மேலே வரும்.

ரிலீஸ் பேரிங்கும் கைட் ட்யூபும்

ரிலீஸ் பேரிங் உள்ளே கிரீஸ் அடைத்து மூடி வருவது. அதைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து, சில மாதங்களில் கத்தத் தொடங்கும். வெளியே துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

பேரிங்கின் உள்துளை உலோகம், அது சறுக்கும் ட்யூபும் உலோகம் என்றால், ட்யூப் மேல் விரலால் ஒரு மெல்லிய படலம் பூசுங்கள். சில பேரிங்குகளின் உள்துளையில் கிரீஸைத் தேக்கி வைக்க ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தை மட்டம் வரை நிரப்பி, மேலே நிற்பதை வழித்துவிடுங்கள். உள்துளை பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் கிரீஸே தேவையில்லை, காய்ந்தே சறுக்கும்படி செய்தது. அதில் கிரீஸ் போட்டால் பிளேட் தூசி அதில் ஒட்டிப் பசையாகி, பேரிங் திரும்பி வராமல் சிக்கும்.

பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் விரல்களில் பேரிங் படும் முகத்துக்கு எதுவும் வேண்டாம். ட்யூபில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் ட்யூபை மாற்றுங்கள். கிரீஸ் அதை ஒரு மாதம் மறைக்கும், பிறகு பெடல் கனக்கத் தொடங்கும்.

ஃபோர்க்

சூடு இல்லாத, ஆனால் அழுத்தம் மிகுந்த இடம் இது. பிவட் பந்து உட்காரும் குழியில் ஒரு துவரம்பருப்பு அளவு. ஃபோர்க்கின் இரண்டு நுனியும் பேரிங்கைத் தொடும் இடங்களில் ஒரு மிளகைப் பாதியாக்கிய அளவு. ஹைட்ராலிக் வண்டியில், ஆயில் அழுத்தத்தால் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பி முட்டும் குழியில் அதே அளவு. ஸ்ப்ளைனுக்கு வாங்கிய மாலி கிரீஸே போதும். கடலோர வண்டிக்குப் பிவட் குழியில் மட்டும் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம், அங்கிருந்து லைனிங்குக்குத் தெறிக்காது, அது சுற்றுகிற பாகம் இல்லை.

பல சின்ன மாருதி கார்களில் பிவட் பந்துக்குப் பதிலாகக் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் குறுக்கே ஓடும் ரிலீஸ் ஷாஃப்ட் இருக்கும். அதன் இரண்டு முனையிலும் புஷ். பெடல் கனக்கிறது என்று வரும் வண்டிகளில் கேபிளை மாற்றிவிட்டு இந்தப் புஷ்ஷைப் பார்க்காமல் விடுவது வழக்கம். ஷாஃப்ட்டை உருவி, துருவை உப்புத்தாளால் எடுத்து, புஷ்ஷின் உள்ளே மெலிதாகப் பூசிக் கோர்த்தால் பெடல் எவ்வளவு இளகுகிறது என்று காலுக்கே தெரியும். மேல்முனையின் சீல் தேய்ந்திருந்தால் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.

பைலட் பேரிங்

பின்சக்கர ஓட்ட வண்டிகளில் ஷாஃப்ட்டின் மூக்கு இன்ஜின் பக்கத்து பைலட்டில் உட்காரும். மூன்று வகை, மூன்று வைத்தியம். மூடிய பால் பேரிங் என்றால் எதுவும் போடாதீர்கள். ஊசி பேரிங் என்றால் ஊசிகளுக்கு நடுவே கொஞ்சம் கிரீஸை அழுத்தி நிரப்பி மிச்சத்தைத் துடையுங்கள். நுண்துளை உள்ள வெண்கலப் புஷ் என்றால் கிரீஸ் கூடாது, அது துளைகளை அடைத்துவிடும். அந்தப் புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு வழி: புஷ்ஷை ஒரு கட்டைவிரல் மேல் நிறுத்தி, துளையில் ஆயில் ஊற்றி, மேல்பக்கத்தை இன்னொரு கட்டைவிரலால் அடைத்து அழுத்துங்கள். வெளிச்சுவரில் ஆயில் வியர்வை போல அரும்பினால் ஊறிவிட்டது.

ஹைட்ராலிக் பக்கம்

கேபிள் இல்லாத வண்டிகளில் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களின் ரப்பர் சீல் பிரேக் ஆயிலுக்காகச் செய்தது. சாதாரண கிரீஸ் எதுவும் மினரல் எண்ணெய்தான். அது பட்டால் இந்த ரப்பர் ஊதிப் பெருத்து இறுகும். இங்கே விளக்கெண்ணெய் அடிப்படையில் செய்த சிவப்பு ரப்பர் கிரீஸ் மட்டும்தான், அதுவும் சீலின் வெளிப்புற ரப்பர் பூட்டுக்குள் கொஞ்சம். ஷாஃப்ட்டைச் சுற்றி வளையமாக உட்காரும் ஸ்லேவ் சிலிண்டர் உள்ள வண்டியில் அதற்கு எந்த கிரீஸும் வேண்டாம். ஸ்ப்ளைனுக்குப் போட்ட கை அதன் ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளும் பெடலும்

இன்றைய கேபிள்களின் உள்ளே நைலான் குழாய் இருக்கிறது. அதற்குள் எண்ணெய் ஊற்றினால் தூசி சேர்ந்து இறுகும். இரண்டு முனைக் கொக்கியில் மட்டும் ஒரு பொட்டு. பெடல் புஷ் பிளாஸ்டிக் என்றால் சிலிக்கான் கிரீஸ்.

ஏற்றும்போது

பிளேட்டில் கியர்பாக்ஸ் பக்கம் எது என்று எழுதியிருக்கும், திருப்பி மாட்டாதீர்கள். அலைன்மென்ட் டூலாலோ பழைய ஷாஃப்ட் துண்டாலோ நடுவாக்கி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். சின்ன கார்களில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வழக்கம், உங்கள் வண்டியின் எண்ணை மேனுவலில் பாருங்கள். இந்தப் போல்ட்டுகளின் மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். மரை காய்ந்தே இருக்கட்டும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் கனம் ஒரு நொடிகூடப் பிளேட்டின் ஹப்பில் தொங்கக்கூடாது. ஹப் வளையும். எவ்வளவு நல்ல கிரீஸ் இருந்தாலும் வளைந்த பிளேட் விடுபடாது. நேராக வராமல் முட்டினால் போல்ட் போட்டு இழுக்காதீர்கள். இறக்கி, ஷாஃப்ட்டில் ஒதுங்கிய கிரீஸைத் துடைத்து, மறுபடி நடுவாக்கி ஏற்றுங்கள். நாலு தடவை நுழைத்து நுழைத்து எடுத்த ஷாஃப்ட்டில், தடவியது அத்தனையும் ஹப்பின் முன்பக்கம் கட்டியாகச் சேர்ந்திருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது

முதல் நாளே முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறினால் லைனிங்கில் கிரீஸ், அல்லது துடைக்காத துருத்தடுப்புப் படலம். படலம் என்றால் சில நாளில் எரிந்து சரியாகும். கிரீஸ் என்றால் நாளுக்கு நாள் கூடும். நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இதை அடிக்கடி செய்து பார்க்காதீர்கள், அதுவே லைனிங்கைச் சுடும்.

பெடலை மிதிக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் பிவட் பந்தோ பெடல் புஷ்ஷோ காய்ந்திருக்கிறது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் காதை ஃபோர்க் பக்கமும் பெடல் பக்கமும் வைத்துக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். மிதித்திருக்கும்போது மட்டும் இரைச்சல் என்றால் ரிலீஸ் பேரிங். காலை எடுத்ததும் இரைச்சல் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங், கிளட்சில் தேட வேண்டாம்.

சில வாரம் கழித்து ரிவர்ஸ் கரகரத்தால், முதலில் கேபிள் வண்டியில் பெடல் ஃப்ரீ பிளேயையும் (வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் வெறுமனே அமுங்கும் தூரம்), ஹைட்ராலிக் வண்டியில் காற்று ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஸ்ப்ளைன் காய்ந்திருக்கிறது, அல்லது தடித்த கிரீஸ் தூசியோடு இறுகியிருக்கிறது. இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. துளை வழியாக எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பது லைனிங்கைக் கொல்லும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றது போல, பெல் ஹவுசிங் வரை தண்ணீரில் மூழ்கிய வண்டி என்றால் கணக்கு வேறு. சேற்றுத் தண்ணீர் ஸ்ப்ளைனின் கிரீஸைக் கழுவி, நாலைந்து நாளில் பிளேட்டையும் ஃபிளைவீலையும் துருவால் ஒட்டவைத்துவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் பெடலை முழுக்க மிதித்துப் பிடித்து, கியர் போட்டு, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் ஒட்டியிருக்கிறது. அதைப் பிய்த்து ஓட்டிவிடலாம், ஆனால் லைனிங்கின் ஒரு படலம் ஃபிளைவீலிலேயே தங்கிவிடும். தண்ணீரில் நின்ற ரிலீஸ் பேரிங்கையும் அதற்குப் பிறகு நம்ப முடியாது. அப்படிப்பட்ட வண்டியில் கியர்பாக்ஸை இறக்கிப் பல்லைச் சுத்தம் செய்து புதிதாகப் பூசி, கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகியிருக்கிறதா என்றும் பார்த்து, ஃபோர்க் பூட்டையும் மாற்றி ஏற்றுங்கள். கிழிந்த பூட்டின் மேல் டேப் சுற்றினால் ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் நிற்காது.